பிரிந்த தேதி

"எந்தத் தேதியில பிரிஞ்சீங்க?" என்று வக்கீல் கேட்டாள்.

தெமெலினா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓபல் கல் தோண்டும் ஊரான கூபர் பீடியில், நூலகத்தின் பின்னறை அது. மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை, போர்ட் அகஸ்டாவிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்து வக்கீல் அந்த அறையில் உட்காருவாள். பெயர் டெல்வின் பாஸ்கோ. முப்பது வயதிருக்கலாம். தெமெலினாவுக்கு அறுபத்தொன்று. இந்த வயதில் ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் பரீட்சைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தேதின்னா?"

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் பிரிஞ்ச தேதி. எல்லாம் அதுலேருந்துதான் தொடங்குது."

"நான் வீட்டைப் பத்திப் பேச வந்தேன், பொண்ணே. தேதியைப் பத்திப் பேச வரல."

"வீட்டைப் பத்திப் பேசணும்னாலும் தேதி வேணும்."

வீடு என்பது ஒரு குன்றின் வயிற்றில் குடைந்த ஐந்து அறைகள். முப்பது வருடத்துக்கு முன்னால் சகெலாரிஸ் அதைக் குடைய ஆரம்பித்தபோது மண்ணை அள்ளி வெளியே கொட்டியவள் தெமெலினா. பத்திரம் அவன் பேரில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் கிரேக்க கிளப்பில் நாலு பேர் காதுபட அவன் சொல்லியிருக்கிறான்: வீட்டை ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவனிடமிருந்து ஓபல் கிணறு துளைக்கும் லாரியை வாங்கப் போகிறானாம். ரொட்டிக் கடையில்தான் அவளுக்குச் செய்தி வந்தது. அவன் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் கடைசியாகப் புருஷன் பெண்டாட்டியாக இருந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

"அவர் குடுத்துட முடியுமா?"

"இன்னைக்கு முடியும். அந்தப் பத்திரத்து மேல ஒரு தடை பதிவு பண்ணிட்டா, அப்புறம் முடியாது. அதை நான் நாளைக்கே செஞ்சிடறேன். ஆனா தடை கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்."

டெல்வின் மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். "இது விவாகரத்து. இது சொத்து. இது பிள்ளைங்க. உங்க பையனுக்கு என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு. பெர்த்துல இருக்கான். இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மான்னு போன்ல கேக்கறான்."

வக்கீல் மூன்றாவது தாளை எடுத்துவிட்டாள். "விவாகரத்து ஆனா வீடு தானா வந்துடாது. வீட்டைக் கேக்க விவாகரத்து வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். ஆனா விவாகரத்து ஆயிட்டா, ஒரு வருஷத்துக்குள்ள வீட்டைக் கேட்டுடணும். விவாகரத்து கேக்கணும்னா முழுசாப் பன்னண்டு மாசம் பிரிஞ்சிருக்கணும். புரியுதா?"

தெமெலினா தலையாட்டினாள். டீக் கோப்பை வைக்க இடம் வேண்டும் என்று வக்கீல் இரண்டு தாள்களையும் கொஞ்சம் நகர்த்தியபோது எது வீடு, எது விவாகரத்து என்பது அவளுக்குத் தவறிப்போனது. இரண்டுமே வெள்ளைத் தாள்கள்.

"நாங்க ஒரே வீட்டுலதான் இருக்கோம்" என்றாள்.

"இருக்கலாம். ஒரே கூரைக்குக் கீழ இருந்துகிட்டே பிரிஞ்சிருக்கலாம், சட்டம் ஒத்துக்குது. நிரூபிக்கணும், அவ்வளவுதான். எங்க தூங்கறீங்க?"

அதைச் சொல்வது சுலபமாக இருக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் சகெலாரிஸ் சமையலறைக்குப் பின்னால் ஆறாவதாக ஓர் அறை குடைய ஆரம்பித்தான். சாமான் போட்டு வைக்க என்றான். மாலையில் வந்து ஒரு மணி நேரம் குடைவான். எட்டு மாதம் குடைந்தான். சாமான் அறைக்கு எதற்குக் காற்றுக்குழாய் என்று அவள் கேட்கவில்லை. ஒருநாள் உள்ளே ஒரு பெட்டி இருந்தது. இன்னொரு நாள் கட்டில். பிறகு வாசலில் ஒரு திரை. இதில் எந்த நாளைச் சொல்வது? குடைய ஆரம்பித்த நாளா, கட்டில் போன நாளா, திரை தொங்கிய நாளா?

"இனி நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு அவர்கிட்ட வாய்விட்டுச் சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? அவரும்தான் அங்க இருந்தாரே."

வக்கீல் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். "சண்டை?"

"இல்ல."

சண்டை இல்லை என்பது உண்மைதான். கிரேக்க நாட்டுக் காலிம்னோஸ் தீவில் தெமெலினாவின் தாய் செத்தபோது, இந்தக் கிணறு அடி காணட்டும் போகலாம் என்றான் அவன். கிணறு அடி கண்டபோது தாயைப் புதைத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவனிடம் எதையும் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான். இதை எந்தத் தாளில் எழுதுவார்கள்?

"யார் சமைக்கறது?"

"நான்தான்."

"அவருக்கும் சேர்த்தா? துணி துவைக்கறது?"

"நான்தான்."

"அவர்கூட வெளிய போறதுண்டா? வேலைக்கு?"

"வின்ச்சுல நிப்பேன்."

டெல்வினின் பேனா நின்றது. ஓபல் கிணறு ஆள் தோளகலம் இருக்கும், ஆழம் எழுபது அடி. சகெலாரிஸ் வாளியில் ஒரு காலை வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். மேலே தெமெலினா வின்ச்சின் கைப்பிடியை அழுத்தி அவனை இறக்குவாள். சாயங்காலம் ஏற்றுவாள். அந்த ஓபல் நிலங்களில் எவனும் தனியாக இறங்குவதில்லை. அவன் தன் தொழில் கூட்டாளிகள் ஒவ்வொருவனோடும் சண்டை போட்டு முடித்த பிறகு, பத்தொன்பது வருடமாக அவள்தான் நிற்கிறாள்.

"பிரிஞ்ச பிறகுமா?"

"பிரிஞ்ச பிறகு அவர் மேல ஏறி வர வேண்டாமா?"

இப்போது வக்கீல் சிரித்துவிட்டாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "இதை அவர் பிடிச்சுக்குவார். எங்க பிரிஞ்சோம், தினமும் கூடத்தானே வேலை செய்யறா அப்படீம்பார். பிரியவே இல்லன்னு ஆயிட்டா, வீட்டைப் பிரிக்கற பேச்சுக்கே இடமில்ல."

"அப்ப நிறுத்திடவா?"

"நான் நிறுத்தச் சொல்லல. கேக்கறேன். இது ஒண்ணை வெச்சு யாரும் முடிவு பண்ண மாட்டாங்க. எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாப்பாங்க."

ஆனால் தெமெலினாவுக்குக் கேள்விக்கும் கட்டளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு படித்த பெண், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சமைக்கிறாயா என்று கேட்டால், சமைக்காதே என்றுதானே அர்த்தம்?

அன்று அவள் ஒரு ஆளுக்கு மட்டும் பீன்ஸ் வேக வைத்தாள்.

சகெலாரிஸ் வந்து மூடியைத் திறந்து பார்த்தான். "என்னடி இது? கோழிக்கு வச்ச மாதிரி இருக்கு."

"ஒரு ஆளுக்குத்தான் வச்சேன்."

"எனக்கு?"

"உனக்கு வைக்கக் கூடாது."

"யார் சொன்னது?"

"சட்டம்."

"எந்த ஊர்ச் சட்டம்டி மனுஷனுக்குப் பீன்ஸ் போடாதேங்குது?"

"குடும்பச் சட்டம்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். "நூலகத்துக்குப் போனியாமே. ரொட்டிக் கடைக்காரன் சொன்னான். நீ புஸ்தகம் படிக்கப் போனேன்னு நினைச்சேன்." அலமாரியிலிருந்து மீன் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தான். நின்றுகொண்டே முள்கரண்டியால் தின்றான். "பிரிவாம் பிரிவு. நான் எங்கயாவது போனேனா? நீ எங்கயாவது போனியா? ஒரே குன்றுக்குள்ளதான் கிடக்கோம். காலையில என்னை இறக்கறது யாரு? சாயங்காலம் ஏத்தறது யாரு? வரட்டும் உன் வக்கீலு, கேக்கறேன்."

வக்கீல் சொன்ன வார்த்தைகளை அப்படியே அவன் வாயிலிருந்து கேட்டதும் தெமெலினா கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்றால் அது உண்மையாகவே இருக்குமோ? நாம்தான் பிரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ?

மறுநாள் காலை அவள் வின்ச்சுக்குப் போகவில்லை. சமையலறை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே அவனுடைய பழைய லாரியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஹாரன் அடிக்கவில்லை. அப்புறம் லாரி போயிற்று. அரை மணி நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து தன் வண்டியை எடுத்துக்கொண்டு பதினொரு கிலோமீட்டர் போனாள்.

அவன் லாரியின் பம்பரில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துத் தானே இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபத்தாறு வயது.

"வந்துட்டியா" என்றான்.

"இது கல்யாணம் இல்ல" என்றாள். "வின்ச்."

"சரி, வின்ச்" என்று வாளியில் காலை வைத்தான்.

அவளுடைய அப்பா கடற்பஞ்சு எடுக்க மூழ்குகிறவர். அவருக்கு மேலே கயிறு பிடித்தவன் ஒரு மதில் சுவர்த் தகராறில் அவரோடு ஆறு வருடமாகப் பேசாதவன். பேசாமலே பிடித்தான். அதை வைத்து இரண்டு பேரும் சிநேகிதர்கள் என்று தீவில் யாரும் சொன்னதில்லை. இதை வக்கீலிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் வக்கீல் வந்த வியாழக்கிழமை சொல்லியும் பார்த்தாள். டெல்வின் கேட்டுவிட்டு, "நல்ல வாதம். ஆனா நீதிபதிக்குத் தீவைத் தெரியாதே" என்றாள்.

அந்தச் சந்திப்பில் இன்னொரு குழப்பமும் வந்தது. போன வருஷம் ஜூலைக் குளிரில் சகெலாரிஸுக்கு நிமோனியா. அவனுடைய புது அறையில் குளிர் அதிகம் என்று நாற்பது நாள் தன் அறையில் படுக்க வைத்து அவள் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப எல்லாம் போச்சா? மறுபடி முதல்லேருந்தா?"

"இல்ல, இல்ல." டெல்வின் தாளில் ஒரு நீளக் கோடு போட்டாள். நடுவில் ஒரு துண்டை அடித்தாள். "நோயாளியைப் பாத்துக்கறது மறுபடி சேர்ந்து வாழறது ஆகாது. அப்படியே யாராவது ஆகும்னு சொன்னாலும், மூணு மாசத்துக்குள்ள இருந்தா பரவாயில்ல. இந்தத் துண்டை மட்டும் கழிச்சிட்டு, முன்னால இருக்கறதையும் பின்னால இருக்கறதையும் சேத்துக்கலாம்."

"மூணு மாசம் காய்ச்சல் இருந்திருந்தா?"

வக்கீல் பேனாவை மூடி வைத்தாள். "தெமெலினா, அவருக்கு நாற்பது நாள்தான் காய்ச்சல். அதோட விடுங்க. இப்ப எனக்கு வேண்டியது ஒரு சாட்சி. உங்க வீட்டுக்குள்ள வந்து போறவங்க. நீங்க தனித்தனியா இருக்கறதைக் கண்ணால பார்த்தவங்க. அவங்க சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும்."

வீட்டுக்குள் வந்து போகிற ஆள் ஒருத்திதான். கல்லியோப்பி. முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் அடிலெய்டில், பாதிரியாருக்குப் பக்கத்தில் நின்று, மணமக்கள் தலையில் வைத்த பூமுடிகளை மூன்று முறை இடம் மாற்றி வைத்தவள். அப்படி வைக்கிறவளை அவர்கள் கும்பாரா என்பார்கள். ரத்த உறவு இல்லை. ஆனால் ரத்த உறவைவிட அவளுக்குப் பயப்பட வேண்டும்.

தெமெலினா சொல்லத் தயங்கியதை டெல்வின் கவனித்தாள். "என்ன?"

"அவ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவா. பதினோரு மணிக்கு."

"நல்லதாப் போச்சே."

"அவ வரும்போது நாங்க சேர்ந்து உக்காருவோம்."

அது எப்படித் தொடங்கியது என்று யோசித்தால் தெமெலினாவுக்கே விளங்கவில்லை. யாரும் திட்டம் போடவில்லை. கட்டில் மாறிய அந்த வாரம், பத்தரை மணிக்கு அவள் அவனுடைய தலையணையை எடுத்துவந்து தன் படுக்கையில் போட்டாள். அவன் தன் செருப்பைக் கொண்டுவந்து அவள் அறை வாசலில் விட்டான். திரையைச் சுருட்டி மேலே செருகினான். கும்பாரா வந்ததும் இரண்டு பேரும் மேசைக்கு வந்தார்கள். என் பொண்டாட்டி போடற காப்பி மாதிரி கிளப்புல வராது என்றான் அவன். பன்னிரண்டு மணிக்குக் கும்பாரா கிளம்பியதும் செருப்பும் தலையணையும் அறைக்குத் திரும்பின. அப்புறம் கிட்டத்தட்டத் தொண்ணூறு ஞாயிறு.

டெல்வின் மூடி வைத்த பேனாவை மறுபடி எடுத்தாள். "அப்ப உங்களுக்கு இருக்கற ஒரே சாட்சி, உங்களைப் புருஷன் பொண்டாட்டியா மட்டும்தான் பார்த்திருக்காங்க."

"ஆமா."

"அதுவும் நீங்களே காட்டினது."

"நல்லாக் காட்டினோம்" என்றாள் தெமெலினா. சொன்ன பிறகுதான் அதில் ஒரு பெருமை தொனித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

கல்லியோப்பிக்கு எழுபத்திரண்டு வயது. பீட்சா கடை வைத்திருந்து விற்றுவிட்டாள். புருஷன் போய்ப் பத்து வருடம். தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பணம் கட்டுவதில்லை, குதிரைகளைத் திட்டுவதற்காக மட்டும் பார்ப்பாள்.

"வா. வெறுங்கையோட வந்திருக்கே, அப்ப கெட்ட சேதிதான்."

தெமெலினா நின்றுகொண்டே சொன்னாள். வீடு, லாரி, வக்கீல், தேதி, சாட்சி. எந்த வரிசையில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கல்லியோப்பி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். அணைக்கவில்லை.

"மூணு தரம் மாத்தினேன்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையால. இதே கையால, பிரிஞ்சிட்டாங்கன்னு நான் எழுதணும். அதானே?"

"ஆமா."

"சாமி பாத்துக்கிட்டிருக்காருடி."

"சாமிக்குத் தெரியும் கும்பாரா. கோர்ட்டுக்குத்தான் தெரியாது."

"நாக்கு நல்லா நீண்டுடுச்சு. வக்கீல் கத்துக் குடுத்தாளா?"

தெமெலினா உட்கார்ந்தாள். இதைச் சொல்லாமல் முடியாது. "ஞாயித்துக்கிழமை நாங்க பண்ணதெல்லாம் நடிப்பு. தலையணை, செருப்பு, எல்லாம். உன்னை ஏமாத்திட்டோம். மன்னிச்சுக்கோ."

திரையில் குதிரைகள் வளைவில் திரும்பின. கல்லியோப்பி அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"போடி. கை கழுவப் போனா குளியலறையில ரெண்டு சோப்பு. ரெண்டு பற்பசை. ஒண்ணுல அவன் பேரு எழுதி ஒட்டியிருக்கு. முப்பது வருஷம் கூடப் படுத்தவனுக்கு எந்தப் பொண்டாட்டி பேரெழுதி ஒட்டுவா? தலையணையை மாத்தத் தெரிஞ்சுது, பற்பசையை ஒளிக்கத் தெரியல. பெரிய நடிகைங்க."

தெமெலினா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல சந்தேகம்தான். அப்புறம் ஒரு நாள் அவனுக்குச் சர்க்கரை போட்டுக் காப்பி குடுத்தே. அவன் சர்க்கரையே தொடாதவன். ஒரு வாய் குடிச்சான். என்னைப் பார்த்தான். முகம் கோணாம முழுசாக் குடிச்சு முடிச்சான். அப்ப எனக்கு நிச்சயமாச்சு. புருஷனா இருந்தா கத்தியிருப்பான்."

"என்னைக்கு அது?" தெமெலினா கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.

"தூய தெமெத்ரியஸ் திருநாள், அக்டோபர்ல வருமே, அதுக்கு அடுத்த ஞாயிறு. போன வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம். அந்த வாரம்தான் எனக்குப் பல்லு பிடுங்கினாங்க. காப்பி குடிக்க முடியாம உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் வாரா வாரம் வந்தே?"

"வராட்டி நீங்க ரெண்டு பேரும் ஒரு மேசையில உக்காருவீங்களா? வாரத்துல ஒரு மணி நேரம் பிடிச்சு வச்சிருந்தேன். அது என் வேலை." கல்லியோப்பி ஜெயித்த குதிரையை ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். "நான் வர்றேன்னு நீங்க நடிச்சீங்க. நீங்க நடிக்கறீங்கன்னு நான் வந்தேன்."

யார் யாரை ஏமாற்றியது என்று தெமெலினா கணக்குப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை.

"நான் எழுதலைன்னா என்ன ஆகும்?"

"வீடு போயிடும். கிணறு துளைக்கற லாரிக்கு."

"அந்தக் கிறுக்கன் வீட்டைக் குடுத்து ஓட்டை போடற வண்டி வாங்கறானா?" கல்லியோப்பி இப்போது தொலைக்காட்சியை அணைத்தாள். "குடு பேனாவை."

பேனாவைக் கொடுத்து எழுதுகிற காரியமாக அது இல்லை. டெல்வின் தொலைபேசியில் ஒரு மணி நேரம் கேட்டு, அச்சடித்து அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை நடிப்பையும் அதில் போட்டிருந்தாள். அது எதற்கு, நமக்கு எதிரானதாயிற்றே என்று தெமெலினா கேட்டதற்கு, ஒளித்தால்தான் எதிரானது, சொல்லிவிட்டால் சாட்சி என்றாள். சர்க்கரையும் அதில் இருந்தது. கல்லியோப்பி வற்புறுத்தியதால் வின்ச்சைப் பற்றி ஒரு வரியும் இருந்தது: 'அவள் அவருக்கு வின்ச் இயக்குகிறாள், இந்த ஊரில் எவனும் எவனுக்கும் அதைச் செய்வான்.' இரும்புக் கடைக்காரர் சத்தியம் வாங்கிக் கையெழுத்துக்குச் சாட்சி போடும் அதிகாரம் உள்ளவர். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் கல்லியோப்பி சிலுவை போட்டுக்கொண்டு கையெழுத்திட்டாள்.

"அப்ப எந்தத் தேதி?" என்று தெமெலினா கேட்டாள்.

"சர்க்கரைத் தேதிதான்" என்றாள் டெல்வின் தொலைபேசியில். "அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிருப்பீங்க. ஆனா அன்னைக்கு பிரிஞ்சிருந்தீங்கன்னு சொல்ல ஒரு ஆள் இருக்காங்க. இனி இந்தக் காகிதங்களை அவர் கையில சேக்கணும். நீங்க குடுக்கக் கூடாது. விண்ணப்பம் போட்டவங்க தன் கையால குடுத்தா செல்லாது."

"ஒரே வீட்டுல இருக்கோம். நான் குடுக்கக் கூடாது. சரி."

"அவர் பார்வையில படற மாதிரி மேசையில வைக்கறதும் கூடாது."

"சரி" என்றாள். அப்படி வைக்கத்தான் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கல்லியோப்பி வந்தாள். தலையணை இடம் மாறியிருந்தது. செருப்பும் வந்திருந்தது. அதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று தெமெலினாவுக்குத் தோன்றவே இல்லை. மூன்று பேரும் காப்பி குடித்து முடித்ததும் கல்லியோப்பி உறையை எடுத்து சகெலாரிஸ் முன்னால் வைத்தாள்.

"என்ன கும்பாரா, கல்யாணப் பத்திரிகையா?"

"கிட்டத்தட்ட. படி."

அவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். முதல் பக்கத்தை விரைவாகத் தள்ளினான். இரண்டாவது பக்கத்தில் விரல் வைத்துப் படித்தான். படிக்கப் படிக்க உதடு அசைந்தது. பற்பசை வந்தபோது முகம் சிவந்தது. "வாரா வாரம் காப்பியோட என் ஆக்டோபஸ் வறுவலை வேற தின்னே" என்று கல்லியோப்பியைப் பார்த்துச் சொன்னான்.

"உப்பு கம்மி" என்றாள் அவள்.

அவன் மறுபடி படித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. நீண்ட நேரம் நின்றது. பிறகு தலையைத் தூக்கித் தெமெலினாவைப் பார்த்தான்.

"அந்தச் சர்க்கரை. கோவத்துல நீ போட்டேன்னுதான் இவ்வளவு நாளா நினைச்சேன்."

"இல்ல."

"பின்ன?"

தெமெலினா யோசித்தாள். அந்த ஞாயிறு கண்ணுக்கு முன் வந்தது. அடுப்பு, மூன்று கோப்பைகள், கையில் சர்க்கரைக் கரண்டி. யாருக்கு எப்படி என்று ஒரு கணம் நின்றது. "மறந்து போச்சு" என்றாள்.

"போட்டதா?"

"உனக்குச் சர்க்கரை கிடையாதுங்கறது."

 மேலே காற்றுக்குழாயில் ஒரு ஈ சுற்றிக்கொண்டிருந்தது. சகெலாரிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். அவள் கோபத்தில் போட்டிருந்தால் அவன் எதிர்த்து நீதிமன்றம் வரை போயிருப்பான் என்று பிற்பாடு கல்லியோப்பி சொன்னாள். தெமெலினாவுக்கு அது சரியா என்று தெரியாது. அப்போது அவன் சொன்னது ஒரு வார்த்தைதான்.

"அப்ப சரி."

அதற்கப்புறம் எல்லாம் தொலைபேசியில் நடந்தது. எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதாக ஒரு காகிதம்: வீடு அவளுக்கு, கிணறுகளும் பழைய லாரியும் வின்ச்சும் அவனுக்கு. துளைக்கும் லாரிக்காரன் வேறு வீடு பார்த்துக்கொண்டான். சாமான் பட்டியலில் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பூமுடிகளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவள் கேட்டாள். டெல்வின் அவை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுத வேண்டாம் என்றாள். எழுதாவிட்டால் அவை யாருடையவை?  கல்லியோப்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

விவாகரத்து விசாரணை நாலு நிமிடம். நீதிபதியின் குரல் தூரத்துக் கிணற்றிலிருந்து வருவது போல இருந்தது. தேதியை மட்டும் கேட்டார். தெமெலினா சொன்னாள். இந்த முறை தடுமாறவில்லை. முடிந்ததும் டெல்வின் தனியாகப் போனில் கூப்பிட்டாள்.

"ஆச்சு. ஒரு மாசமும் ஒரு நாளும் கழிச்சு நடைமுறைக்கு வரும்."

"அதுவரைக்கும் நான் யாரு?"

"அதுவரைக்கும் மனைவிதான்."

"பிரிஞ்ச மனைவி."

"பிரிஞ்ச, விவாகரத்து கிடைச்ச, ஆனா இன்னும் ஆகாத மனைவி" என்று டெல்வின் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "சுவத்துல நாள்காட்டி இருக்கா? அதுல ஒரு வட்டம் போட்டு வைங்க."

சகெலாரிஸ் அந்த மாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. தன் கிணற்று நிலத்தில் ஒரு கேரவனை நிறுத்திக்கொண்டு போய்விட்டான். இப்போது அவனுக்கு வின்ச்சில் நிற்பது பழைய கூட்டாளி ஒருவன். தெமெலினா தன் வண்டியில் ஒருநாள் அந்த வழியாகப் போய், தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். அந்த ஆள் கைப்பிடியைச் சரியாகத்தான் பிடித்திருந்தான்.

நாள்காட்டியில் வட்டம் போட்ட நாள் வந்தது. காலையில் எழுந்து கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. பத்திரம் அவள் பேரில் தபாலில் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆறாவது அறையில் போய் நின்று பார்த்தாள். அவளை விட்டுப் போவதற்காக அவன் குடைந்த அறை, சட்டப்படி இப்போது அவளுடையது. அதில் என்ன வைப்பது என்று புரியவில்லை.

வாசலில் கதவு தட்டப்பட்டது.

அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. தெரிந்தவர்கள் வெளியே நின்று பெயர் சொல்லிக் கத்துவார்கள். தெரியாதவர்கள் வருவதில்லை.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

வெளியே ஓர் இருமல். "சகெலாரிஸ். என் உளிங்க ரெண்டு உள்ள இருக்கு."

அவள் போய்க் கதவைத் திறந்தாள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மிதியடியில் பூட்ஸைத் துடைத்தான். ஒரு காலை, பிறகு மற்றதை, பிறகு மறுபடி முதல் காலை. இந்த முப்பது வருடத்தில் அவன் அந்த வாசலில் காலைத் துடைத்து அவள் பார்த்ததில்லை. அந்தப் புழுதியைத்தான் தினமும் பெருக்கியிருக்கிறாள்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அவளுக்கு வக்கீல் சொல்லித் தரவில்லை. அந்த வீட்டுக்குள் யாரும் அவளிடம் கேட்டு நுழைந்ததில்லை.

"இரு" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."

கதவுநிலையில் கையை ஊன்றி, அவனை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, அவள் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தாள்.